பாகவதரும் ஹரிதாஸும்

நம் நாட்டு ரசிகர்களிடம் ஒரு விசித்திரமான குணம் உண்டு. தமக்குப் பிடித்த கலைஞன் சௌக்கியமாக வாழ்ந்து சௌக்கியமாகக் கண்ணை மூடிவிட்டால், அவனைச் சீக்கிரமாக மறந்துவிடுவார்கள். அவன் கொஞ்சமாவது கஷ்டப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் அவன் பெயரைச் சொல்லும்போது ஒரு பெருமூச்சு விடுவதற்கு வசதியாயிருக்கும். பெருமூச்சு விட்டான பிறகு அவனுடைய கலையைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டிய அவசியம் இராது. அது ஒரு பெரிய சௌகரியம்.

எம். கே. தியாகராஜ பாகவதர் விஷயத்தில் இந்தப் பெருமூச்சு அறுபது வருஷங்களுக்கு மேலாக ஓயாமல் வீசிக்கொண்டிருக்கிறது. அவர் பெயரை எடுத்ததுமே, "தங்கத் தட்டில் சாப்பிட்ட மனுஷர்! கடைசியில் என்ன ஆயிற்று, பார்த்தீர்களா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பட்டு ஜிப்பா, காதிலே வைரக் கடுக்கன், தோளில் புரளும் கிராப், கமகமக்கும் ஜவ்வாது என்று வர்ணனை விரியும். பிறகு கொலை வழக்கு, சிறை, வீழ்ச்சி, கண் பார்வை மங்கியது, கோவில் வாசலில் உட்கார்ந்திருந்தவரை யாரோ பிச்சைக்காரர் என்று நினைத்துக் காசு போட்டது என்று கதை இறங்கு வரிசையில் போகும். கடைசியில், "எல்லாம் விதி!" என்று ஒரு முத்தாய்ப்பு. அவர் எப்படிப் பாடினார், என்ன நடித்தார், எது நின்றது, எது போயிற்று என்ற பேச்சுக்கே இடமில்லை.

நானும் பாகவதருடைய ரசிகன்தான். ஆனால் என் ரசனை ஒரே நிறமாயில்லை. அவர் சாரீரத்தைக் கேட்டால் உருகிப் போகிறேன். அவர் படத்தைப் பார்த்தால், பாட்டு முடிந்து பேச்சு ஆரம்பித்தவுடன் நாற்காலியில் நெளிகிறேன். அவருடைய கதையை ஜனங்கள் சொல்லக் கேட்டாலோ எனக்குக் கோபம் வருகிறது. உருக்கமும் நெளிவும் கோபமும் ஒரே மனிதரைப் பற்றி ஒரே நெஞ்சில் எப்படி இருக்க முடியும் என்று நேயர்கள் கேட்கலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சாரீரத்தைப் பார்ப்போம்.

1910-ல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்து, திருச்சிராப்பள்ளியில் வளர்ந்த பையன் அவர். திருச்சியில் ரயில்வே உத்தியோகஸ்தராயிருந்த எஃப். ஜி. நடேசய்யர் ரசிக ரஞ்சன சபா என்ற சபையின் மூலம் நாடகங்கள் நடத்தி வந்தார். அவர்தான் இந்தப் பையனை அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக மேடை ஏற்றினார். பாம்பு கடித்துச் சாகும் அந்தச் சின்னப் பிள்ளையின் வேஷத்தில் ஆரம்பித்தவர், மதுரை பொன்னு ஐயங்காரிடம் சங்கீதம் பயின்று, ராஜபார்ட்டாக உயர்ந்து, 'பாகவதர்' ஆனார்.

அந்தக் காலத்து நாடகக் கொட்டகையை ஒரு கணம் மனக்கண்ணால் பார்க்க வேண்டும். ஒலிபெருக்கி கிடையாது. கீற்றுக் கொட்டகை, எதிரே ஆயிரம் இரண்டாயிரம் ஜனங்கள், குழந்தைகளின் அழுகை, சோடாக் கலர் விற்பவனின் கூச்சல். இத்தனையையும் தாண்டிக் கடைசி வரிசையில் மண் தரையில் குந்தியிருக்கும் மனிதனுக்கும் பாட்டுக் கேட்டாக வேண்டும். ஆகையால் நாடக நடிகர்களின் சுருதி ஐந்து கட்டைக்கும் மேலே போயிற்று. சங்கீத வித்வான்கள் பலர் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் நிதானமாகச் சவாரி செய்துகொண்டிருந்த காலத்தில், நாடகக்காரர்கள் மலை உச்சியில் நின்று பாடினார்கள். எஸ். ஜி. கிட்டப்பா அந்த உச்சியில் நின்று நாட்டையே ஒரு கலக்குக் கலக்கிவிட்டு, 1933-ல் அற்பாயுளில் மறைந்தார். அதற்கு அடுத்த வருஷம் பாகவதர் டாக்கியில் தோன்றினார்.

உச்சி சுருதியில் பாடுவது பெரிய காரியமல்ல. கத்தினாலும் உச்சிக்குப் போகலாம். அந்த உயரத்தில் இனிமை குறையாமல், பிருகாக்கள் மணி மணியாக உதிர, சொல் சிதையாமல், பாடுகிறவருக்குச் சிரமம் இருப்பதாகவே கேட்கிறவருக்குத் தோன்றாமல் பாடுவதுதான் பெரிய காரியம். பாகவதர் அதைச் செய்தார். மேல் ஸ்தாயியில் அவர் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்கும்போது, 'ஐயோ, தொண்டை என்ன ஆகுமோ!' என்ற கவலை நமக்கு வருவதில்லை. மேலே இன்னும் நாலு படி இருக்கிறது, மனிதர் மரியாதைக்காக இங்கே நிற்கிறார் என்றுதான் தோன்றுகிறது.

மேடையில் அவர் எஸ். டி. சுப்புலட்சுமியுடன் நடித்த 'பவளக்கொடி' நாடகத்தைப் பார்த்துத்தான் அதையே படமாக எடுத்தார்கள். கே. சுப்பிரமணியம் டைரக்ட் செய்தார்; படம் 1934-ல் வெளிவந்தது. ஐம்பதை ஒட்டிய பாட்டுக்கள். அந்த நாளில் படப்பிடிப்பு சூரிய வெளிச்சத்தில், திறந்த வெளியில். பாட்டையும் அங்கேயே பாட வேண்டும். அடையாற்றில் படம் பிடித்தபோது சாப்பாட்டு வாசனைக்குக் காக்கைகள் கூட்டம் கூட்டமாக வந்து சுருதி சேர்க்க ஆரம்பித்தனவாம். அவற்றைத் துப்பாக்கிச் சத்தத்தால் விரட்டுவதற்கென்றே ஓர் ஆங்கிலோ இந்தியரைச் சம்பளத்துக்கு வைத்திருந்ததாகச் சொல்வார்கள். காக்கைகளோடு போட்டியிட்டு ஜயித்த சங்கீதம் அது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கைக்குள்ளே ஒரு உண்மை இருக்கிறது. ஒட்டுப் போட இடமில்லாத, ஒளிய இடமில்லாத பாட்டு அது. பாடத் தெரிந்தவன்தான் நடிகன். வேறு வழியே இல்லை.

இந்த 'வேறு வழியே இல்லை' என்பதை நேயர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

இனி, நெளிவைப் பற்றி.

பாகவதர் நடித்த படங்கள் மொத்தம் பதினான்குதான். சிறைக்கு முன் ஒன்பது, பின் ஐந்து. முதல் ஒன்பதில் 'சிந்தாமணி'யும் (1937) 'அம்பிகாபதி'யும் (1937) 'ஹரிதா'ஸும் (1944) தமிழ்நாட்டையே ஆட்டி வைத்தன. பாபநாசம் சிவன் பாட்டு எழுதினார். பிற்காலப் படங்களில் ஜி. ராமநாதன் இசை சேர்த்தார். இந்த மூவர் கூட்டுறவைப் போல் இன்னொன்று நம் சினிமாவுக்குக் கிடைப்பது துர்லபம். கர்நாடக ராகங்களைச் சுத்தம் கெடாமல், ஆனால் வண்டிக்காரனும் பாடும்படியாக இறக்கிக் கொடுத்தார்கள். சாருகேசி என்ற ராகத்தைப் பாமர ஜனங்களுக்கும் பழக்கமாக்கியது எந்தச் சபாவும் அல்ல. ஹரிதாஸில் வந்த 'மன்மத லீலை'தான்.

ஆனால் பாட்டு முடிந்ததும் என்ன நடக்கிறது? பாகவதர் நிற்கிறார். அழகாக நிற்கிறார். புன்னகை செய்கிறார். சந்தோஷமானாலும் துக்கமானாலும் அதே புன்னகையில் சற்று ஏற்றக் குறைவுதான். வசனத்தைப் பாட்டின் தாளத்திலேயே, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிறார். 'அசோக் குமார்' (1941) படத்தைப் பாருங்கள். அதில் அசோகராக நாகையா, திஷ்யரட்சிதையாகக் கண்ணாம்பா. கண்ணாம்பா மோகமும் குரோதமுமாகப் பொரிந்து தள்ளுகிறபோது, எதிரே நிற்கும் குணாளன் அடுத்த பாட்டுக்காகக் காத்துக்கொண்டிருப்பதுபோலவே எனக்குத் தோன்றும். நடிப்பு என்று நாம் இன்று எதைச் சொல்கிறோமோ, அது பாகவதரிடம் பாட்டுக்குள்ளேதான் இருந்தது. கெஞ்சல், குழைவு, கேலி, பக்தி எல்லாம் குரலில் உண்டு. முகத்தில் தேடினால் கிடைக்காது.

இன்னொரு சங்கடமும் உண்டு. அந்தக் கதைகளில் ஆண்பிள்ளை கெட்டுப்போவதற்கு எப்போதும் ஒரு பெண்பிள்ளைதான் காரணம். சிந்தாமணியில் ஒரு தாசி, ஹரிதாஸில் டி. ஆர். ராஜகுமாரி ஆடிய ரம்பா. சாரங்கதரனுக்கும் குணாளனுக்கும் மோகம் கொண்ட சிற்றன்னை. தாய் தந்தையரைப் போற்ற வேண்டும் என்று உபதேசம் செய்ய எடுத்த ஹரிதாஸ் படத்தில் ஜனங்கள் எதை மறக்கவில்லை? உபதேசத்தையா? மன்மதனைப் பற்றிய பாட்டையும், ராஜகுமாரியின் கண்ணையும்தான்! படம் முழுவதும் பெண்ணைப் பழித்துக்கொண்டே பெண்ணழகைக் காட்டிக் காசு பண்ணுகிற சாமர்த்தியம் இன்றுவரை நம் சினிமாவில் அழியாமல் இருக்கிறது. அதற்கு இத்தனை இனிமையான குரல் துணை போயிற்றே என்று எனக்கு வருத்தம்தான்.

எங்கள் குடும்பத்தில் பெரியப்பா ஒருவர் இருந்தார். ஹரிதாஸ் படத்தை எத்தனை தரம் பார்த்தார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. இந்தக் குறைகளை நான் எடுத்துச் சொன்னால் அவர் வாதாட மாட்டார். "நீ கண்ணை மூடிக்கொண்டு படம் பார், அப்பா. அப்போது குறை தெரியாது" என்பார். அவர் சொன்னது பாகவதரைப் பற்றி நான் கேட்ட விமரிசனங்களிலே முதல் தரமானது என்று இன்றும் எண்ணுகிறேன். இப்போது 'சிந்தாமணி'யின் படச்சுருள் எங்கேயும் எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை. காலமே கண்ணை மூடிக்கொண்டுவிட்டது.

மூன்றாவது, கோபம். இதற்குக் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும்.

ஹரிதாஸ் 1944-ஆம் வருஷம் தீபாவளிக்கு வெளிவந்தது. யுத்த காலம், படச்சுருளுக்குப் பஞ்சம், படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. அப்படிக் கச்சிதமாக எடுத்ததே படத்துக்கு நன்மையாயிற்று. சென்னை பிராட்வே தியேட்டரில் அது 1944, 1945, 1946 என்று மூன்று தீபாவளிகளைக் கண்டது.

படம் ஓட ஆரம்பித்த நான்காவது வாரமே அந்த விபரீதம் நேர்ந்தது. சி. என். லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்ற பத்திரிகையையும், பிறகு 'இந்து நேச'னையும் நடத்தி, நடிகர் நடிகைகளின் அந்தரங்கங்களை அச்சேற்றி வந்தார். 1944 நவம்பர் 8-ஆம் தேதி சென்னை வேப்பேரியில் ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்த அவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் இறந்து போனார். டிசம்பர் மாதக் கடைசியில் பாகவதரும், என். எஸ். கிருஷ்ணனும், கோயம்புத்தூர்ப் பட முதலாளி எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதானார்கள். ஹைகோர்ட்டில் ஜூரிகளை வைத்து விசாரணை நடந்தது. நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அதே வருஷம் அப்பீலும் தள்ளுபடியாயிற்று. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் சென்றது. அவர்கள் மறுபடி விசாரிக்கும்படி திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் ஹைகோர்ட் இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்தது.

சினிமாவில் இருவரும் கேட்டிராத கைதட்டல் இவர்களுக்குச் சிறை வாசலில் கிடைத்திருக்க வேண்டும். கிருஷ்ணனுக்கு ஓரளவு கிடைத்தது. பாகவதருக்கோ அனுதாபம் கிடைத்தது, தொழில் கிடைக்கவில்லை. 1948-ல் 'ராஜ முக்தி', 1952-ல் 'அமரகவி'யும் 'சியாமளா'வும், 1957-ல் அவரே டைரக்ட் செய்த 'புது வாழ்வு' — எதுவும் பழைய வெற்றியின் அருகில்கூட வரவில்லை. பெயர்களைப் பாருங்கள்: முக்தி, அமரத்துவம், புது வாழ்வு! இவற்றில் எதையும் அந்தப் படங்கள் அவருக்குக் கொடுக்கவில்லை. 'சிவகாமி' என்ற படத்தில் நடித்துக்கொண்டிருந்தபோதே, 1959 நவம்பர் 1-ஆம் தேதி, சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது நாற்பத்தொன்பது. 'சிவகாமி' அடுத்த வருஷம்தான் வெளிவந்தது.

"சிறை அவரைக் கெடுத்துவிட்டது" என்பது பொதுவான அபிப்பிராயம். அது சரியானால், அதே வழக்கில் அதே தண்டனை பெற்று, அதே தீர்ப்பினால் வெளிவந்த கிருஷ்ணனும் கெட்டிருக்க வேண்டும் அல்லவா? அவர் கெடவில்லை. அவர் உள்ளே இருந்தபோது மதுரமும் எஸ். வி. சகஸ்ரநாமமும் அவருடைய நாடகக் குழுவைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். வெளியே வந்தவர் 1949-ல் அண்ணாதுரை கதை எழுதிய 'நல்லதம்பி'யில் நடித்தார். 1951-ல் 'மணமகள்' எடுத்தார். 1952-ல் 'பணம்' படத்தை டைரக்ட் செய்தார். 1957-ல் இறக்கும் வரையில் அவருக்குக் கூட்டமும் குறையவில்லை, கேலியும் குறையவில்லை. ஜெயில் கதவு ஒன்றுதான். அதற்கு வெளியே இருந்த உலகந்தான் இருவருக்கும் வெவ்வேறாயிருந்தது.

கிருஷ்ணனுடைய கலை பேச்சில் இருந்தது. பேச்சின் காலம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. 1949-ல் 'வேலைக்காரி', 1950-ல் 'மந்திரி குமாரி', 1952-ல் 'பராசக்தி' என்று வசனம் கொட்டகைகளில் இடி முழங்கிற்று. ஜனங்கள் பாட்டுப் புஸ்தகத்தோடு வசனப் புஸ்தகத்தையும் வாங்கினார்கள். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், தமிழ் சினிமாவில் வசனத்துக்கு முதல் முதலாக ஒரு மிடுக்கைக் கொடுத்தவர் இளங்கோவன். அவர் அதைக் கொடுத்தது பாகவதரின் 'அம்பிகாபதி'யில்! தம்மைப் பின்னுக்குத் தள்ளப்போகும் பிள்ளைக்குத் தம் வீட்டுத் திண்ணையிலேயே தொட்டில் கட்டினார் பாகவதர்.

அது மட்டுமல்ல. ஒருவர் பாட மற்றொருவர் வாயசைக்கும் முறை 1938-ல் 'நந்தகுமார்' படத்திலேயே வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அது சாதாரண வழக்கமாயிற்று. பாடத் தெரிந்தவன்தான் நடிகன், வேறு வழியே இல்லை என்றிருந்தது அல்லவா? இப்போது வழி பிறந்துவிட்டது. அத்துடன் மைக் என்ற கருவி நாளுக்கு நாள் கூர்மையாயிற்று. காதோடு காதாகச் சொல்வதையும் அது பிடித்துக்கொண்டது. கடைசி வரிசை மனிதனுக்காக மலை உச்சிக்கு ஏறி நின்ற குரலை, "ஐயா, நீங்கள் இவ்வளவு சிரமப்பட வேண்டாம். இறங்கி வந்து மெல்லச் சொன்னால் போதும்" என்று அது சொல்லிற்று. பாகவதரால் இறங்க முடியவில்லை. இறங்குவது அவருக்குப் பழக்கமில்லை. நாம் இறங்கச் சொல்லவும் இல்லை. 'பழைய மாதிரி பாடுங்கள்' என்றுதான் ரசிகர்கள் கேட்டார்கள். பழைய மாதிரி பாடியபோது, 'பழைய மாதிரியே இருக்கிறதே' என்று எழுந்து போனார்கள்.

1957-ஆம் வருஷத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷங்களுக்கு முன் பாகவதர் நடித்த 'அம்பிகாபதி' கதையை மறுபடி எடுத்தார்கள். சிவாஜி கணேசன் அம்பிகாபதி. பாடியவர் டி. எம். சௌந்தரராஜன். இசை யார்? அதே ஜி. ராமநாதன்! ஹரிதாஸுக்கு இசை சேர்த்த கை புதிய காலத்துக்கும் மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. நடிப்பை ஒருவரும் பாட்டை ஒருவருமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். பாகவதர் ஒருவராக நின்று செய்த வேலைக்கு இப்போது இரண்டு பேர். இரண்டு வேலையும் தனித்தனியே இன்னும் நன்றாக நடந்தன. அதே வருஷத்தில்தான் பாகவதரின் 'புது வாழ்வு' வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் மறைந்தது. எந்தச் சிறையும் இதற்குப் பொறுப்பல்ல.

'ராஜ முக்தி'யை நினைக்கும்போது எழுத்தாளன் என்ற முறையில் எனக்கு வேறு ஒரு வேதனையும் உண்டு. அதற்கு வசனம் எழுதப் புனாவுக்குப் போன புதுமைப்பித்தன் க்ஷயரோகம் முற்றித் திரும்பி, படம் வெளிவருமுன்பே, 1948 ஜூன் 30-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் காலமானார். அந்தப் படத்தில் சிறு வேஷம் போட்டவர்களில் எம். ஜி. ராமச்சந்திரன் ஒருவர். பழைய சினிமாவின் ராஜாவும், புதிய சிறுகதையின் ராஜாவும், வரப்போகும் சினிமாவின் ராஜாவும் ஒரே படத்தில் சந்தித்தார்கள். அதை அப்போது ஒருவரும் கவனிக்கவில்லை.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

பாகவதர் போட்ட வேஷங்களை வரிசையாக எண்ணிப் பார்த்தால் ஒரு விஷயம் மனத்தில் தைக்கிறது. 'நவீன சாரங்கதரா'வில் (1936) அவர் சிற்றன்னையின் பொய்க் குற்றச்சாட்டுக்கு ஆளாகித் தகப்பனால் தண்டிக்கப்படுகிறார். 'அசோக் குமா'ரிலும் அதே பொய். அங்கே கண்கள் போகின்றன. 'அம்பிகாபதி'யில் காதலித்த குற்றத்துக்காக அரசன் உயிரையே வாங்குகிறான். 'ஹரிதாஸ்' ஒன்றில்தான் தண்டனை நியாயமானது. அதில் அவன் பெற்றோரை உதாசீனம் செய்து, ஒரு முனிவரை அவமதித்து, கால்களை இழக்கிறான்; பிறகு மனம் திருந்திப் பக்தனாகிறான்.

மெய்யாகவே பாகவதர் மீது ஒரு குற்றம் சாட்டப்பட்டு, தண்டனை விதிக்கப்பட்டு, கடைசியில் குற்றமில்லை என்று தீர்ப்பானது. அவர் வாழ்க்கைக்குப் பொருந்தும் கதை எது? சாரங்கதரன் கதையா, ஹரிதாஸ் கதையா? சின்னப் பிள்ளைகூட சாரங்கதரன் என்று சொல்லும். ஆனால் நம் ஜனங்கள் ஹரிதாஸைத்தான் எடுத்துக்கொண்டார்கள். தங்கத் தட்டு, ஜவ்வாது, கர்வம், பிறகு தண்டனை, பிறகு ஞானம், பக்தி, கோவில் வாசல் என்று படத்தின் கதையை அப்படியே மனிதரின் மேல் போர்த்திவிட்டார்கள். என் பெரியப்பாவே, "கால் போன பிறகுதானே, அப்பா, ஹரிதாஸுக்குக் கண் திறந்தது" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் பாகவதரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அவ்வளவு பிரியம் உள்ளவர். ஆனாலும் அப்படித்தான் பேசுவார்.

ஏன் இப்படி? சாரங்கதரன் கதையில் தவறு தீர்ப்புச் சொன்னவர்களுடையது; பார்த்துக்கொண்டிருந்தவர்களுடையது. ஹரிதாஸ் கதையில் தவறு ஹரிதாஸுடையது மட்டும். பிறருக்குப் பங்கில்லை. தொழிலில் பாகவதர் தோற்றதற்குக் காலத்தின் மாறுதலும் நம் ருசியின் மாறுதலும் காரணம் என்றால், நாமும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும். விதியின் பேரிலும் கர்வத்தின் பேரிலும் போட்டுவிட்டால் ஒரு பெருமூச்சோடு போயிற்று. கோர்ட்டு விடுதலை செய்த ஒருவரை ரசிகர்கள் அனுதாபம் என்ற பெயரால் இன்னமும் தண்டித்துக்கொண்டிருக்கிறோம். கோவில் வாசலில் உட்கார்த்தி வைத்து, நாமே காசு போடுகிறோம்.

இந்தப் பெருமூச்சில் காணாமல் போன வேறு ஒருவரும் உண்டு. லட்சுமிகாந்தன் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. பிறர் மானத்தை விற்றுப் பிழைத்தவர். அதற்கு முன்பு மோசடி வழக்கில் தண்டனை அடைந்தவர். ஆனால் பட்டப்பகலில் ஒரு மனிதர் நடுவீதியில் குத்தப்பட்டுச் செத்தார். அது யாருடைய ஏவலால் என்பது இன்றுவரை தீராத கேள்வி. பாகவதர் கதையை உருகி உருகிச் சொல்கிறவர்கள் அந்தக் கேள்வியை ஒரு வாக்கியத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள். செத்தவர் ரசிகர் இல்லாதவர். ஆகையால் அவருக்காக அழ ஆளில்லை. ஒரு குரலிடம் நாம் வைத்த பிரியம், ஒரு கொலையை வெறும் சகுனத் தடையாகச் சுருக்கிவிட்டது. இதை நினைக்கும்போது பாகவதர் பாட்டின் நடுவிலேகூட எனக்கு ஒரு முள் தைக்கிறது.

ஆனால் ஒன்று. முள் தைத்தாலும் பாட்டை நிறுத்தத் தோன்றவில்லை.

பாகவதர் விட்டுப் போனது என்ன என்று கேட்டால், படங்களை நான் காட்ட மாட்டேன். சௌந்தரராஜன் ஆரம்பத்தில் பாகவதரைப் போலவே பாடித்தான் பெயரெடுத்தார். பிறகு தம் சொந்தக் குரலைக் கண்டுபிடித்து, சிவாஜிக்கும் எம். ஜி. ஆருக்கும் கால் நூற்றாண்டுக்கு மேல் பாடினார். 'ராஜ முக்தி'யில் சிறு வேஷத்தில் நின்றவர் பின்னால் கதாநாயகராகி வாயசைத்தபோது எழுந்த குரலின் அடி வேரில் பாகவதர் இருந்தார். தமிழ்ச் சொல்லைத் தமிழாகவே, எழுத்துச் சிதையாமல், நெஞ்சைத் திறந்து மேல் ஸ்தாயியில் நிறுத்த வேண்டும் என்ற ஆசை நம் சினிமாப் பாட்டில் வெகுகாலம் இருந்தது. அது அவர் வைத்த ஆசை. கொட்டகையின் கடைசி வரிசையில் காசு குறைவாகக் கொடுத்து உட்கார்ந்திருப்பவனுக்கும் முழுப் பாட்டும் கேட்டாக வேண்டும் என்ற மரியாதை அதற்குள்ளே இருந்தது.

ஆகவே, பாகவதர் ரசிகர்களுக்கு நான் செய்துகொள்ளும் விண்ணப்பம் இதுதான். அடுத்த முறை அவர் பெயர் வரும்போது தங்கத் தட்டை எடுக்காதீர்கள். கோவில் வாசலுக்கும் போகாதீர்கள். அவருடைய இசைத் தட்டு ஒன்றை வைத்து, மூன்று நிமிஷம் பேசாமல் கேளுங்கள். பிடித்திருந்தால் தலையை ஆட்டுங்கள். பிடிக்கவில்லையென்றால் அதையும் தைரியமாகச் சொல்லுங்கள். ஒரு பாடகருக்கு நாம் செய்யக்கூடிய நியாயம் அவ்வளவுதான். பெருமூச்சு விட்டால் அந்த மூச்சுச் சத்தத்தில் மேல் ஸ்தாயியின் பிருகா ஒன்று நிச்சயம் தவறிப் போகும்.